இடங்காட்டி வாத்தியாரும் வாழைத்தோப்புக் கல்லறையும்

வாசகரே, தாமிரபரணித் தண்ணீர் பாயும் பூமியில் நெல் விளைகிறது, வாழை விளைகிறது, இடங்காட்டி என்றொரு மனித இனமும் யாரும் விதைக்காமலே விளைகிறது. பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஆள் புதிதல்ல. வெளியூரிலிருந்து நீங்கள் வந்து இறங்கிய மறுநாள், பல் விளக்கி முடிப்பதற்குள், கக்கத்தில் குடையோடும் தோளில் நாலாக மடித்த துண்டோடும் வாசலில் வந்து நின்று, இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்காத கேள்விக்கு மூச்சுவிடாமல் பதில் சொல்லி, உங்களை வண்டியில் ஏற்றி, பொழுது சாயும்வரை வெயிலில் அலைய வைத்து, வழியிலுள்ள குட்டிச்சுவரையெல்லாம் காட்டி, கடைசியில் காலில் முள்ளோடும் தலையில் சரித்திரத்தோடும் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறாரே, அவர்தான்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். பேசும்போது மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இடங்காட்டி உங்கள் காலைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் குடைக்காம்பால் தரையைத் தட்டி, "இப்போ நீங்க எங்கன நிக்குதீயன்னு தெரியுமா?" என்பார். நீங்கள் சாணியில் நிற்கிறீர்கள். அது உங்களுக்கும் தெரியும். அவர் சொல்ல வருவது அதுவல்ல.

இன்னொரு அடையாளம்: தமிழில் ‘தெரியாது’ என்று ஒரு சொல் இருப்பது அவருக்குத் தெரியாது.

பாளையங்கோட்டையில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி தேவசிகாமணி வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. ஓய்வுக்குப் பிறகு அந்தத் தொந்தரவும் நீங்கியது. ‘ஆதித் திருச்சபையின் அடிச்சுவடுகள்’ என்று அவராகவே பெயர் வைத்து, நம் தேசத்தில் முதல்முதல் கிறிஸ்தவர்கள் ஜெபித்த இடம், அடிபட்ட இடம், அடக்கமான இடம் எல்லாவற்றையும் ஒரே பகலில் காட்டிவிடுவார். ஆதாரம் எங்கே என்று கேட்டால், "சரித்திரத்துல இல்ல, ஆனா சத்தியம்" என்பார். அதற்குமேல் எவன் கேட்பான்?

மூன்று வருஷத்துக்கு முன் கொழும்பிலிருந்து என் சித்தப்பா மகள் ஹெப்சிபா வந்தாள். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அதிகம் பேசமாட்டாள். அவள் தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று வைத்தியர்களும் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு ஒரே ஓர் ஆசை. அவருடைய பாட்டி, அதாவது ஹெப்சிபாவின் பூட்டி, அன்னத்தாய் என்று பெயர். ஞானஸ்நானம் வாங்கின குற்றத்துக்காகச் சொந்தக்காரர்கள் வீட்டைவிட்டுத் துரத்த, இடுப்பில் பெண்பிள்ளையோடு ஆற்றங்கரையோரமாகவே நடந்து, சீவலப்பேரிப் பக்கம் எங்கோ ஓர் ஊரில் காய்ச்சலில் விழுந்து செத்துப்போனவள். பிள்ளையை மிஷன்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள். பூட்டியை எங்கே புதைத்தார்கள் என்பது மட்டும் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கல்லறையின் மண்ணில் ஒரு பிடி கொண்டுவந்து, தன்னைப் புதைக்கும்போது பெட்டிக்குள் போட வேண்டும் என்று தாயார் கேட்டுவிட்டார். மகள் கப்பலேறிவிட்டாள். கையில் இருந்ததோ ஒரே நாள். மறுநாள் காலை தூத்துக்குடி ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

அவள் வந்த வாசனை வாத்தியார் மூக்குக்கு எப்படிப் போயிற்றோ, விடியுமுன் வாசலில் வண்டி நின்றது. என் மனைவி இன்பமணி கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, கூடவே என்னையும் ஏற்றிவிட்டாள். ஹெப்சிபா தான் வந்த காரியத்தைச் சொல்லி, அன்னத்தாயின் கல்லறை எங்கே என்று தெரியுமா என்று கேட்டாள்.

வாத்தியார் கண்ணை மூடினார். திறந்தார். "அன்னத்தாயா? அந்த அம்மாள் இல்லாம ஆதித் திருச்சபை ஏது? வருது, வருது. எல்லாம் வரிசைப்படிதான் பாக்கணும்" என்றார்.

வரிசையில் முதலில் வந்தது ஒரு மாட்டுத்தொழுவம். நம்மவர்களின் முதல் ஜெபக்கூடம் அதுதானாம். பின்சுவரில் ஆதிச் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது என்று சொல்லி, அங்கே காய்ந்துகொண்டிருந்த வரட்டி ஒன்றை வாத்தியார் பெயர்க்க, தொழுவத்துக்காரி இசக்கியம்மா கையில் கூடையோடு வந்துவிட்டாள். போன மாதமும் இவர் இப்படித்தான் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்து ஒரு வரிசையையே உதிர்த்துவிட்டுப் போனாராம். "செவுத்துல என்ன வே இருக்கு, ஒம்ம பாட்டன் பொதச்ச பொன்னா?" என்று கேட்டாள். விசுவாசிகள் உபத்திரவப்படுவது அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு என்று வாத்தியார் எங்களுக்கு விளக்கிக்கொண்டே வண்டியை நோக்கி வேகமாக நடந்தார்.

அடுத்தது ஒரு புளியமரம். முதல் உபதேசியார் நின்று பிரசங்கித்த மரம். முன்பு என்னை அழைத்துவந்தபோது அது சாலைக்கு இந்தப் பக்கம் இருந்ததாக எனக்கு ஞாபகம். கேட்டேன். அந்த மரம் புயலில் விழுந்துவிட்டது, உபதேசியார் நடந்து நடந்து பிரசங்கிக்கிறவர் என்று பதில் வந்தது.

அதன்பின் ஆற்றங்கரைப் பாறை. அதில் இரண்டு குழி. அப்போஸ்தலனாகிய தோமா முழங்காலிட்டு ஜெபித்த தடமாம். மலையாளக் கரையிலும் மயிலாப்பூரிலும்தானே அவரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றாள் ஹெப்சிபா. அவ்வளவு தூரம் நடந்த மனிதர் நடுவில் தாமிரபரணியில் ஒரு முழுக்குப் போடாமலா போயிருப்பார் என்று வாத்தியார் திருப்பிக் கேட்டார். இந்துக்களிடம் கேட்டால் அதே குழி ராமபிரான் முழங்கால் ஊன்றியது. மேலப்பாளையத்து முஸ்லிம் ஒருவர் அதை ஓர் அவுலியா, அதாவது இறைநேசர், தொழுத இடம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். குழி யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. அதில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன.

ஒவ்வோர் இடத்திலும் ஹெப்சிபா பொறுமையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பூட்டியின் கல்லறையைக் கேட்டாள். ஒவ்வோர் இடத்திலும் வருது, வருது என்றார் வாத்தியார். மத்தியானம் கட்டுச்சோற்றைத் தின்றோம். வெயில் இறங்கத் தொடங்கியது. வாத்தியாரிடம் இருந்த இடங்களெல்லாம் தீர்ந்துபோயின. அப்போதுதான் அவர் நெற்றியில் வேர்வையைப் பார்த்தேன். அது வெயிலால் வந்த வேர்வையல்ல. அன்னத்தாய் பேரைக்கூட அன்று காலையில்தான் கேள்விப்பட்டிருக்கிறார், மனிதர். ‘தெரியாதம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வராதே?

திடீரென்று வண்டியை ஒரு வாய்க்கால் பாதையில் திருப்பச் சொன்னார்.

பாதை ஒரு வாழைத்தோப்பில் போய் முடிந்தது. தோப்பின் நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரு நீண்ட மேடை. தலைமாட்டில் பாசி பிடித்த ஒரு கல். வாத்தியார் செருப்பைக் கழற்றினார். எங்களையும் கழற்றச் சொன்னார். குடைக்காம்பால் தரையைத் தட்டினார். "தாயே, இப்போ நீங்க நிக்குத இடந்தான் அன்னத்தாய் அம்மாள் அடங்கின இடம்."

மேடை ரொம்ப நீளமாக இருக்கிறதே என்று நான் மெல்லக் கேட்டேன்.

"அந்தக் காலத்து ஆளுக எல்லாம் நல்ல வளத்தி வே" என்றார்.

ஹெப்சிபா எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு, பாசியை விரலால் தள்ளித் தள்ளித் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தலை குனிந்தது, தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் அப்படி ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. வாத்தியாரைப் பார்த்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மடித்தார், மறுபடியும் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தோப்புக்காரர் ஆவுடைநாயகம் பிள்ளை வந்து சேர்ந்தார். பட்டை பட்டையாகத் திருநீறு, கையில் வாழைக்கத்தி. தம் தோப்புக்குள் ஒரு பெண் அழுவதைப் பார்த்துத் திகைத்து, என்ன சங்கதி என்று கேட்டார். கைப்பிள்ளையோடு வந்த அன்னத்தாய் கதையை வாத்தியார் நாக்குழறச் சொன்னார். பிள்ளைவாள் கல்லறையைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், அழுகிறவளைப் பார்த்தார். வாத்தியார் கண்ணில் இருந்த கெஞ்சலைக் கடன்காரன் கண்ணில்கூட நான் கண்டதில்லை. பிள்ளைவாளுக்கு இந்த மேடையின் வரலாறு தெரியும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. குட்டை உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

பிள்ளைவாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆமா தாயி. எங்க பாட்டையா சொல்லுவாவ. கைப்பிள்ளையோட ஒரு அம்மா வந்து தண்ணி கேட்டாவளாம். பெறவு இங்கனதான் அடங்கினாவளாம்."

எங்கள் மூவரில் அதிகமாக ஆச்சரியப்பட்டவர் வாத்தியார்தான். அடுத்த கணமே அவருக்கு உயிர் திரும்பியது. கேட்டீரா வே என்பதுபோல் என்னைப் பார்த்தார். அன்னத்தாய் உயிர் விட்டது விடியற்காலையில், கீழ்வானம் வெளுக்கும்போது என்று எடுத்துக் கொடுத்தார். பிள்ளைவாள் அதை ஒப்பவில்லை. அந்தி நேரம், விளக்கு வைக்கும்போது என்று பாட்டையா தெளிவாகச் சொல்லியிருக்கிறார் என்றார். விடியற்காலைதான் என்று வாத்தியார் சாதித்தார். தோப்பு யாருடையது, என்னுடையதா உம்முடையதா என்று பிள்ளைவாள் கேட்டார். செத்தது எங்கள் சபை அம்மாள் என்றார் வாத்தியார். காலையில் ஒருவரும் சாயங்காலம் மற்றவரும் கேள்விப்பட்ட ஒரு பெண் எந்த வேளையில் செத்தாள் என்று இரண்டு பெரிய மனிதர்கள் முகம் சிவக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஹெப்சிபா ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தாள். இருவரையும் கும்பிட்டாள்.

வண்டி பூட்டும்போது பிள்ளைவாள் என்னைத் தனியே இழுத்தார்.

"குதிரை வே அது. கோட்டையில இருந்த ஒரு தொரையோட குதிரை. இங்கன வந்து விழுந்து செத்துட்டு. எப்படி வே சொல்ல? பொம்பள குனிஞ்சு அழுதுக்கிட்டு இருக்கா" என்றார்.

ராத்திரி முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு தாயின் சவப்பெட்டிக்குள் குதிரை மண் போகப்போகிறது. சொல்வதா, விடுவதா? ரயிலடியில் வாய் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தக் கல்லு இங்கிலீஷுல எழுதினது அண்ணே. பாசியத் தள்ளினதும் படிச்சிட்டேன். தன்ன வருஷக்கணக்காச் சுமந்த குதிரைக்கு ஒரு தொரை நட்டு வச்ச கல்லு."

பின் எதற்கு அழுதாய் என்று கேட்டேன்.

"குதிரைக்குக் கல்லு இருக்கு. எங்க பூட்டிக்கு ஒரு செங்கல்லுகூட இல்லியே."

அவ்வளவுதான் சொன்னாள். ரயில் வந்தது. கைக்குட்டை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஆற்றோரத்து மண்தானே, பூட்டி அதில் எங்கே கிடந்தால் என்ன என்று அவளே தீர்மானித்துக்கொண்டாளோ, அல்லது படுத்துக் கிடக்கிற தாயின் முகத்தை மட்டும் நினைத்தாளோ, நான் கேட்கவில்லை. மண் தாயாரோடு போயிற்று என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாள் கண் மூடும்வரை, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், வாழைத்தோப்பு நடுவே நல்ல கல் நட்ட பாட்டியின் கல்லறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம்.

அதன் பலன் மறு வருஷம் வந்து இறங்கியது. கொழும்பிலிருந்து ஆறேழு அம்மாமார் அன்னத்தாய் கல்லறையைத் தரிசிக்க வந்தார்கள். வாத்தியார் புதுத் துண்டோடு முன்னால் நடந்தார். பிள்ளைவாள் மேடைக்கு வெள்ளையடித்து, வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, தம் பாட்டையா அன்னத்தாய்க்குத் தண்ணீர் கொடுத்த செம்பையும் எடுத்துக் காட்டினார். செம்பு மினுமினு என்று இருந்தது. கல்லின் எழுத்துக்குள்ளும் சுண்ணாம்பு ஏறி, பாவம், குதிரையின் பெயர் மறைந்தே போயிற்று. உயிர் பிரிந்த வேளை மட்டும் இன்றுவரை தீரவில்லை. வாத்தியார் தனியாகக் கூட்டிப்போனால் விடியற்காலை. பிள்ளைவாள் பக்கத்தில் இருந்தால் அந்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் வாத்தியாரைத் தனியே பிடித்து, கல்லில் எழுதியிருப்பதை எடுத்துச் சொன்னேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தது என் பிழை. கண்ணை மூடினார். திறந்தார்.

"இருக்கட்டும் வே. குதிரை மேலதான கெடக்கு? அதுக்குக் கீழ யாரு கெடக்கான்னு பாத்தீரா?" என்றார்.

நான் என்ன செய்வேன், வாசகரே? தோண்டிப் பார்க்காத இடத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்றைக்கோ நாளைக்கோ யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுமுன் ஒரு சின்னக் கேள்வி. அந்தக் குதிரை என்ன நிறம்? நான் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் உங்கள் மனசில் வெகு நேரமாக ஒரு குதிரை நின்றுகொண்டிருக்கிறதே, வெள்ளையாகவோ செவலையாகவோ, அதை அங்கே கொண்டுவந்து கட்டியது யார்?