மீன் காசு ஏலம்

"தம்பி, நான் இன்னும் எவ்வளவு நேரம் உள்ளேயே நிக்கணும்?" என்று லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் குரல் கொடுத்தார்.

"இதோ ஆயிடுச்சும்மா!" என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

ஒன்றும் ஆகவில்லை. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே திரிசங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மோட்டார் அறையில் மெக்கானிக் ஒரு கையில் ஸ்பேனரும் இன்னொரு கையில் போனுமாக நின்றான். போனில் ஏலம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இந்த நேரம் பார்த்தா ஒரு லிஃப்ட் நிற்க வேண்டும்?

ஏலம் ஒரு பழைய காசுக்கு. நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி வளைந்தபடி ஒரு மீன். அவனுக்குக் காசு சேர்க்கிற பைத்தியமெல்லாம் கிடையாது. அந்தப் பைத்தியம் அவன் மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் மெக்கானிக் ஏணியிலிருந்து விழுந்து இரண்டு காலையும் முறித்துக்கொண்டபோது, மச்சான் தன் வீட்டுக் கீழ்ப்பகுதியைக் காலி செய்து தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்தார். தான் மாடிக்குப் போய்விட்டார். வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து நடக்கிற வரைக்கும் தினமும் அவனை முதுகில் தூக்கி பாத்ரூமுக்குக் கொண்டுபோனார். மச்சான் ஒன்றும் பயில்வான் இல்லை. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. மாப்பிள்ளையோ நல்ல கனம்.

நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் போதும், "சும்மா இருங்க மாப்ள, நீங்க என்ன, பஞ்சு மூட்டை மாதிரி" என்று எழுந்து போய்விடுவார். இப்போது வேறு வீடு பார்த்தாகிவிட்டது. அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது?

அந்த நினைப்போடுதான், மச்சான் வெளியே போயிருந்த நேரத்தில், அவருடைய காசு ஆல்பத்தைப் புரட்டினான். யானை போட்ட காசு, குதிரை, ஒட்டகம், ஆமை எல்லாம் அதனதன் உறையில் சமர்த்தாக இருந்தன. 'மீன்' என்று எழுதிய உறை மட்டும் காலி.

"மீன் காசு கிடைக்கவே கிடைக்காதா மச்சான்?" என்று சாயங்காலம் நைசாகக் கேட்டுப் பார்த்தான்.

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதெல்லாம் நமக்குக் கொடுத்து வைக்கல மாப்ள."

அந்தக் குரலைக் கேட்டதும் மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே ஏலத் தளத்தில் தேடினான். இருந்ததே ஒரே ஒரு மீன் காசுதான். கடவுளே பார்த்து அனுப்பிய மாதிரி இருந்தது. அந்தத் தளத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, ஏலம் கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பறவைப் படம்தான். அவனுக்குக் கொக்கு வந்தது.

இப்போது கோளாறு கீழே, லிஃப்ட் பாதையின் அடியிலுள்ள குழிக்குள் இருப்பது தெரிந்தது. குழிக்குள் சிக்னல் துளிகூட வராது. அவன் மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"என் கணக்குக்குள்ள போயி நீ கேளு. யாராவது ஏத்தினா நீயும் ஏத்து."

"பாஸ்வேர்டு என்னங்க?"

"உன் பிறந்தநாள்தான்."

அது நல்ல எண்ணத்தில் வைத்த பாஸ்வேர்டு. ஆனால் அவன் நினைத்துக்கொண்டிருந்த தேதியும் அவள் பிறந்த தேதியும் வேறு வேறு. மூன்று முறை போட்டுப் பார்த்ததும் தளம் கொக்கை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

"நம்ம பிறந்தநாள் விவகாரத்தை நீங்க வீட்டுக்கு வந்ததும் பேசிக்கலாம்," என்றாள் மனைவி. "நான் என் பேர்ல புதுசா ஒரு கணக்குத் தொடங்கிட்டேன். எனக்குக் கிளி குடுத்திருக்காங்க."

"ரொம்ப நல்லது. கேட்டியா?"

"கேட்டேங்க. கடைசி விலை என்ன, பார்த்துப் போட்டுக் குடுங்கன்னு விக்கிறவருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கேன்."

மெக்கானிக் சுவரில் சாய்ந்துகொண்டான். "ஏலத்துல பேரம் பேசக்கூடாதும்மா!"

"அதைத்தான் அவரும் சொல்றார். 'ஐயா, இது காய்கறிக் கடை இல்லை'ன்னு பதில் போட்டிருக்கார். திமிர் பிடிச்ச ஆளா இருப்பார் போலிருக்கு."

இவளை நம்பி மீன் காசை விட முடியாது என்று அவனுக்குப் பட்டது. உடனே கம்பெனிக்குப் போன் போட்டான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் பேசுவதற்கென்று அங்கே ஓர் அக்கா இருக்கிறார். லிஃப்ட் அறுந்து விழுந்தாலும் ஒரே குரலில் "பதறாதீங்க" என்பார். அதனால் எல்லாருக்குமே அவர் பதறாதீங்க அக்கா.

"அக்கா, எனக்காக ஒரு காசை ஏலத்துல எடுக்கணும். பணம் நான் தந்துடறேன். எவ்வளவு ஏறினாலும் விட்டுடாதீங்க."

"பதறாதே தம்பி. நீ குழிக்குள்ள இறங்கு. நான் பாத்துக்கறேன்."

அவன் நிம்மதியாக இறங்கினான். மனைவியிடம் அக்காவைப் பற்றியோ, அக்காவிடம் மனைவியைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் மேல் தப்பு இல்லை. சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

குழியிலிருந்து எண்ணெயும் தூசியுமாக ஏறி வந்து போனைப் பார்த்தவனுக்குத் தலை சுற்றியது. காசின் விலை மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தது. கிளிக்கும் ஓர் ஆந்தைக்கும் அடிதடி. மனைவியைக் கூப்பிட்டான்.

"என்னங்க, ஒரு ஆந்தை விடவே மாட்டேங்குது! நான் ஒரு படி ஏத்தினா அது ரெண்டு படி ஏத்துது."

மெக்கானிக் கணக்குப் போட்டான். இந்தக் காசை இப்படி உயிரை விட்டுக் கேட்கிற ஆள் ஊரில் யார்? மச்சானேதான்! மாடியில் உட்கார்ந்துகொண்டு ஆசைப்பட்ட காசை அவரே கேட்கிறார்!

"ஏய், மாடிக்குப் போய் அண்ணன் போனும் கையுமா இருக்காரான்னு பாரு. ஓடு!"

அவள் ஓடிப் போய் ஓடி வந்தாள். "அண்ணா குளிச்சிட்டிருக்கான். போன் மேசை மேல கிடக்குது. உள்ளே ஒரே பாட்டா இருக்கு. என்ன சந்தோஷமோ தெரியல."

அப்படியானால் ஆந்தை யாரோ அயோக்கியன். மெக்கானிக்குக்கு ரத்தம் கொதித்தது. என் மச்சானுக்கு வேண்டிய காசை எவனோ கொத்திக்கொண்டு போவதா?

"விடாதே! வீட்டு அட்வான்ஸுக்கு வெச்சிருக்கோமே, அதுல கை வை!"

"என்னங்க சொல்றீங்க?"

"உங்க அண்ணன் என்னை முதுகுல தூக்கினப்போ கணக்கா பார்த்தார்? போடு!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "போடறேங்க," என்றாள்.

"விடாதீங்க தம்பி!" என்று லிஃப்டுக்குள்ளிருந்தும் குரல் வந்தது. அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "நான் நின்னுக்கறேன். நீங்க முதல்ல அந்த ஆந்தையைக் கவனிங்க."

கிளி ஜெயித்தது. அட்வான்ஸில் முக்கால்வாசி போயிற்று. அம்மாளை வெளியே எடுத்தபோது அவர் மெக்கானிக்கின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அப்போது பதறாதீங்க அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்காவின் குரல் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதறியிருந்தது.

"தம்பி, என்னை மன்னிச்சுடுப்பா. எவ்வளவோ முட்டிப் பார்த்தேன். சனியன் பிடிச்ச கிளி ஒண்ணு விடவே இல்ல."

மெக்கானிக் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா," என்றான், "உங்களுக்கு என்ன பறவை குடுத்தாங்க?"

மறுநாள் காலையில் மச்சான் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கணவனும் மனைவியும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தங்கை முகத்தைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும்.

"அட்வான்ஸ் பணம் கையை மீறிச் செலவாயிடுச்சு மச்சான்," என்றான் மெக்கானிக். எதற்கு என்று எப்படிச் சொல்வான்? பரிசு இன்னும் கைக்கு வரவில்லையே.

எதற்குச் செலவாயிற்று என்று மச்சான் கேட்டாரா? கேட்கவில்லை.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? புது வீட்டுக்கு உங்களுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கித் தரலாம்னு நான் ஒரு பணம் ஏற்பாடு பண்ணேன். நான் நினைச்சதைவிட நாலு மடங்கு வருது. மொத்தத்தையும் அட்வான்ஸுக்குக் குடுத்துடுங்க. இனிமே இதைப் பத்திப் பேச்சே வேண்டாம்."

மெக்கானிக் அழுதேவிட்டான். நன்றி சொல்லப் போன இடத்தில் பாரம் இரண்டு பங்கு ஆகிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? மீன் காசு வரட்டும், அவர் கையில் வைத்துக் காலிலேயே விழுந்துவிடுவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

வாசலில் பைக் வந்து நின்றது. "கூரியர்!"

மெக்கானிக் பாய்ந்து எழுந்தான். இவ்வளவு சீக்கிரமாகவா? மச்சான் கண்ணில் பட்டால் ரகசியமெல்லாம் போச்சு! ஆனால் அவனுக்கு முன்னால் மச்சான் வாசலுக்கு ஓடினார். இருவரும் கதவு நிலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள்.

"நீங்க உக்காருங்க மச்சான், எனக்குத்தான் வந்திருக்கு."

"இல்ல மாப்ள, எனக்காகத்தான் வந்திருக்கார். நீங்க காலைப் பார்த்துக்குங்க."

மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, யாரும் பார்க்காதபடி கூரியர்காரர் கையில் திணித்தார். கூரியர்காரர் அதன் மேல் தன் மெஷினைக் காட்டினார். அது பீப் என்று, உள்ளே இருப்பது என்ன, போக வேண்டியது எங்கே என்று காட்டியது. மெஷினைப் பார்த்தார். கதவில் இருந்த வீட்டு எண்ணைப் பார்த்தார். மறுபடியும் மெஷினைப் பார்த்தார்.

"ஏன் சார், மாடியில இருக்கிற காசைக் கீழ்வீட்டுல குடுக்கிறதுக்கா அவ்வளவு தூரத்துலேருந்து என்னை வரச் சொன்னீங்க?"