ஜலஸ்தம்ப சுவாமிகளின் கயிறு

வெள்ளிக்கிழமை மதியம் வந்தால் எங்கள் கம்பெனியில் திருவிழா. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கேட்வரை வரிசை நிற்கும். சம்பள உயர்வு கேட்கக்கூட நாங்கள் இப்படி ஒன்றாக நின்றதில்லை. நின்றது ஒரு கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ள. அதற்காக மெஷின்களையே நிறுத்தி வைப்பார்கள். கக்கூஸ் போகிறவளிடம் நிமிஷக் கணக்குக் கேட்கும் அதே ஆட்கள்.

கயிறு மந்திரிப்பவர் ஜலஸ்தம்ப சுவாமிகள்; ஜலத்தைக் கட்டி நிறுத்துகிறவர் என்று அர்த்தம். அது இடுப்பில் ஏறிவிட்டால், காலையில் வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சாயங்காலம்வரை ஒன்றுக்கு வராது. சிரிக்காதீர்கள். திருவொற்றியூரில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் எங்களுக்கு அது மோட்சத்தைவிடப் பெரிய வரம்.

காரணம், எங்கள் கக்கூஸ். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியிலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். குழாயில் காற்று மட்டும் வரும். அடைத்துக்கொண்டு நிற்கும் பீங்கானைப் பார்த்தவளுக்கு அன்று சோறு இறங்காது. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகை ஜன்னல் வழியே வந்தால், அப்பாடா, நல்ல காற்று என்று மூச்சு விடுவோம். மேனேஜர் தவசிமுத்துவிடம் முறையிட்டு முறையிட்டு ஓய்ந்தோம். பிளம்பரைக் கூப்பிடுவார் என்று பார்த்தால், சாமியாரைக் கூட்டி வந்தார். காணிக்கையை எங்கள் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்.

நான் ரோஸ்மேரி. தையல் பிரிவு சூப்பர்வைசர். இயற்பியல் பட்டதாரி. கழுத்தில் சிலுவை, இடுப்பில் சுவாமிகளின் கயிறு. அதுவும் இரண்டு. "படிச்சவங்களுக்கு டபுளா கட்டணும்" என்றார் சுவாமிகள். என் பட்டத்துக்கு இந்தக் கம்பெனியில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் என்று பூரித்துப்போனேன்.

கயிற்றுக்கு ஒரு விரதம் உண்டு. காலையில் எழுந்ததிலிருந்து வேலை முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. டீ, மோர்கூடக் கூடாது. இருந்தோம். பெரும்பாலும் ஒன்றுக்கு வரவில்லை; வந்தாலும் அடக்கிக்கொண்டோம். "சாமி சக்திடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். தண்ணீர் ஊற்றாத குடம் ஒழுகாது என்று தெரிந்துகொள்ள இயற்பியல் தேவையில்லை. எனக்கோ இயற்பியல் இருந்தும் தெரியவில்லை.

கத்திரி வெயிலில் ஒருநாள், சட்டைக்குக் காஜா எடுக்கும் கெங்கம்மா மெஷின்மேலேயே சாய்ந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கி அடக்கி, கிருமி கிட்னிவரை ஏறிவிட்டது என்றார்கள்.

சுவாமிகளுக்குச் சேதி போனது. "நம்பிக்கை குறைஞ்சா நாடி கொதிக்கும்" என்று சொல்லி அனுப்பினார். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் சீனியர்.

அன்புக்கரசி ஆட்டவில்லை. அவளும் கெங்கம்மாவும் பக்கத்துப் பக்கத்து மெஷின். வியாசர்பாடியில் ஒரே பிளாக். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாள்.

"இன்னாக்கா நம்பிக்க? கெங்கம்மாக்கா கண்ணத் தொறக்காம கெடக்குது. நீ இன்னாடான்னா மண்டைய ஆட்டிக்கினு கீற!"

"சாமி சொல்றாரேடி..."

"சரி, வர்ற வெள்ளிக்கெழம சாமிக்கு என் செலவுல உபசாரம். அத்த நல்லா பாரு. அப்பால மண்டைய ஆட்டு."

வெள்ளிக்கிழமை சுவாமிகள் நாற்காலியில் அமர்ந்ததும் அன்புக்கரசி இளநீரை நீட்டினாள். உறிஞ்சினார். அடுத்து தர்பூசணிச் சாறு. பிறகு நீர்மோர், ரோஸ்மில்க். "ஆகா, பக்தி!" என்று எல்லாம் உள்ளே இறங்கியது. விரதக்காரிகள் நாங்கள் வறண்ட நாக்கோடு வேடிக்கை பார்த்தோம்.

வரிசை நகர்ந்தது, முடியத்தான் இல்லை. கயிறு வாங்கியவள் ஓசைப்படாமல் மறுபடி கடைசியில் போய் நின்றாள். அது அன்புக்கரசியின் ஏற்பாடு. சுவாமிகளின் மந்திரம் வேகமெடுத்தது. கால்மேல் கால் போட்டார். மாற்றிப் போட்டார். முட்டிகளை நெருக்கினார். சட்டென்று எழுந்தார்.

"இன்னிக்கு இது போதும்."

"இன்னா சாமி, ஒண்ணுக்கா?" என்றாள் அன்புக்கரசி.

"இல்லம்மா... தியானம்."

"அட, அதுக்கு ஏன் பேஜாராவுற? உன் கயிறுதான் கீதே! ரோஸ்மேரிக்கா, சாமிக்கு ஒண்ணு கட்டு."

கயிறோடு கிட்டே போன நான் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, கடித்த உதடு, எங்கோ வெறித்த கண். அந்த முகம் எனக்குத் தெரியும். பிற்பகல் ஆனால் என் பிரிவில் எல்லா மெஷின்களுக்குப் பின்னாலும் அதைத்தான் பார்ப்பேன். இழுத்து இறுக்கிக் கட்டினேன்.

"கட்டியாச்சு சாமி. சாயங்காலம்வரைக்கும் உக்காருங்க."

"வழி விடுடி!"

சுவாமிகள் ஓடினார். எங்கள் கக்கூஸ் கதவைத் திறந்தார். போன வேகத்தைவிட அதிக வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"த்தூ! கலீஜ்! இதுல மனுசன் போவானா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். எனக்கு மட்டும் ஏனோ அழுகைதான் முதலில் வந்தது.

சுவாமிகள் மேனேஜர் அறைக்குள் பாய்ந்தார். அங்கே பளிங்குபோல ஒரு கக்கூஸ் உண்டு. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஜலம், எந்த ஸ்தம்பனமும் இல்லாமல், வெகுநேரம்.

தவசிமுத்து விழித்தார். அன்புக்கரசி அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், சாமி பூந்த எடத்துக்கே நாங்களும் போறோம். நம்ம கக்கூஸ் சரியாவுற வரைக்கும் டெய்லி."

வரிசை அப்படியே மேனேஜர் அறைப் பக்கம் திரும்பியது. முதல் ஆளாக நான் நின்றேன்; சூப்பர்வைசர் அல்லவா! சாமியார் பின்கேட் வழியாகப் போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பிளம்பர் வந்தார். சில வாரங்களில் கெங்கம்மாவும் தேறி வேலைக்குத் திரும்பிவிட்டாள்; மாத்திரை இன்னும் நிற்கவில்லை.

சுவாமிகள் இப்போது சடையங்குப்பம் பக்கம் இருக்கிறாராம். மழைவெள்ளம் வீட்டுக்குள் வராமல் தடுக்கும் எலுமிச்சம்பழம் தருகிறாராம். அங்கேயும் வரிசை நீளம் என்கிறார்கள். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழத்தை வாங்குமுன், சுவாமிகள் வாடகைக்குப் பிடித்திருக்கும் வீடு மேட்டிலா, பள்ளத்திலா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.