பாலம் கட்ட வந்தவர் கோதாவில் இறங்கினார்

"என்னதான்டா சொல்றார்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் ரெஃபிக்.

துர்சுன் எதிரே நின்ற பெரியவரின் வாயையே கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் பெயர் பாக்கரி. ஆற்றங்கரை ஊரின் தலைவர். பேச்சில் பாதியை அவர் வாய் பேசியது, மீதியை உடம்பு பேசியது. இரண்டு கைகளையும் கோத்து முறுக்கினார். குனிந்தார். கண்ணுக்குத் தெரியாத எவனையோ இடுப்போடு தூக்கித் தரையில் அடித்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டினார். கடைசியில் அந்த விரல் திரும்பி வந்து ரெஃபிக்கின் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"மல்யுத்தம்," என்றான் துர்சுன். "ஞாயித்துக்கிழமை."

"நல்லா நடத்தட்டும். எனக்கென்ன?"

"உங்களோடதான் அண்ணே."

ரெஃபிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது நாற்காலி இல்லை, வரைபடச் சுருள்கள் வைக்கும் பெட்டி என்பது தெரிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. லிபியாவில் சாலை போட்டார். கஜகஸ்தானில் பனிக்கட்டியை உடைத்து அஸ்திவாரம் தோண்டினார். ஈராக்கில் ஒரு மருத்துவமனையை இரண்டு தடவை கட்டினார். இப்போது செனகலின் தென்கோடியில், காசமான்ஸ் ஆற்றின் கிளை ஒன்றுக்குக் குறுக்கே பாலம். துருக்கிக்காரர்களான நாம் எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனாலும் தேயிலையை மறக்காமல் கொண்டுபோவோம். தற்பெருமையை மறந்தாலும் அது தானே வந்து சேர்ந்துவிடும்.

அந்தத் தற்பெருமைதான் இப்போது ரெஃபிக்கை மாட்டிவிட்டிருந்தது. போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில், பருப்பு சூப்புக்கும் பிலாவ் சோற்றுக்கும் நடுவே, "நீங்க எல்லாம் நம்ம எதிர்ன நகரத்து எண்ணெய் மல்யுத்தத்தை டிவியில பார்த்தவங்கடா. நான் அந்தக் களத்துல இறங்கினவன்!" என்று முழங்கியிருந்தார். பொய் இல்லை. இறங்கினார். அவருடைய மாமா மல்லர். மாமாவின் முதுகில் எண்ணெய் ஊற்றும் கூஜாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சாப்பாட்டுக் கூடத்தில் அந்தக் கூஜாவைப் பற்றி மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நான் சொன்னது ஊருக்குள்ள போயிருக்கு," என்றார் ரெஃபிக்.

"போகாமலா? மேசையைக் குத்திக் குத்திச் சொன்னீங்க."

"நீ சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டியா?"

துர்சுனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் கிடங்குப் பொறுப்பாளன். அதற்கு முன்னால் பத்து வருஷம் தலைநகர் டாக்கரில் நம் புர்ஸா நகரத்துத் துணி விற்றவன். "அண்ணே, இந்த நாட்டுக்காரன் தூக்கத்துல முனகினாக்கூட எனக்குப் புரியும். மொழிபெயர்க்க வேற யாராவது வேணும்னா வச்சுக்கோங்க."

வேறு யாரும் இருப்பதாக அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பாக்கரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரெஃபிக் சிரித்துவைத்தார், தலையை ஆட்டினார். வெளிநாட்டு வேலையில் இருபத்தாறு வருஷமாக அவர் கற்ற ஒரே பொதுமொழி அந்தத் தலையாட்டல்தான். பெரியவர் முகம் மலர்ந்து, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

"ஒத்துக்கிட்டீங்க," என்றான் துர்சுன் பயபக்தியோடு.

முடியாது என்று சொல்லி ஆளனுப்பலாம்தான். ஆனால் பாலத்துக்குப் போகும் சாலை அந்த ஊரின் நெல்வயல் ஓரமாகப் போகிறது. கம்பி கட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள். மழை தொடங்குவதற்குள் நடுத்தூண்கள் நின்றாக வேண்டும். ஊர்ப் பெரியவர் முகம் சுளித்தால் மறுநாள் காலை தளத்தில் கொக்குகள் மட்டும்தான் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை ரெஃபிக்குக்கு ஒரு யோசனை உதித்தது. வலது முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டார். கட்டு கண்ணில் படவேண்டும் என்று மருந்தறையிலிருந்த துணிச் சுருள் நான்கையும் சுற்றியதில், முட்டி பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. துர்சுன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே பாக்கரியின் வீட்டுக்குப் போனார்.

"சொல்லு, முட்டி போச்சு, மல்யுத்தம் பண்ண முடியாதுன்னு."

துர்சுன் ஏதோ சொன்னான். பாக்கரி அவனைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், 'அடடா' என்பது போல நாக்கைச் சப்புக்கொட்டினார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். முழங்கை வரை பச்சிலைச் சாறு பூசிய, தூண் மாதிரி கைகள் கொண்ட ஒரு பெண்மணி வந்தார். அடுத்த கால் மணி நேரம் ரெஃபிக் எழுப்பிய ஒலிகளுக்கு எந்த மொழியிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கடைசியில் பாக்கரி ஒரு குச்சியை எடுத்து மணலில் பெரிய வட்டம் போட்டார். அதன் நடுவில் குச்சியைக் குத்தி, ஞாயிற்றுக்கிழமை என்று மறுபடியும் சொன்னார்.

"அதுதான் கோதாவாம்," என்றான் துர்சுன். "முட்டி அதுக்குள்ள சரியாயிடுமாம். ஆகலேன்னா இந்த அம்மாவை மறுபடி அனுப்புறாராம்."

"வேணாம்! சரியாயிடுச்சுன்னு சொல்லு!" என்று துள்ளி எழுந்தார் ரெஃபிக். உண்மையிலேயே சரியாகிவிட்டிருந்தது. இருபது வருஷமாக இருந்த பழைய வலியும் சேர்ந்து போயிருந்தது. அதுதான் கொடுமை.

புதன்கிழமை சமாதான முயற்சி. சர்க்கரை இரண்டு மூட்டை, தேயிலை ஒரு பெட்டி, ரெஃபிக் மூன்று பூட்டுப் போட்டு ஒளித்துவைத்திருந்த பிஸ்தா 'லோக்கும்' மிட்டாய் இரண்டு டப்பா, எல்லாவற்றையும் துர்சுன் மூலம் ஊருக்கு அனுப்பினார். "நட்போட முடிச்சுக்கலாம்னு சொல்லு. கெஞ்சற மாதிரி தெரியக்கூடாது. ஆனா கெஞ்சு."

மாலையில் பாக்கரியே வந்துவிட்டார், கூடவே ஊரில் பாதி. ஒரு கூடை மாம்பழம், பனங்கள் மணக்கும் ஒரு குடுக்கை, கோபக்காரச் சேவல் ஒன்று. சேவலை ரெஃபிக் கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர் மறுபடியும் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். கோத்தார், முறுக்கினார், தூக்கி அடித்தார், வெளியே கைகாட்டினார், நெஞ்சைச் சுட்டினார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல.

"பரிசை ஏத்துக்கிட்டாராம். ஜெயிக்கிறவனுக்குத்தான் சேவல்," என்றான் துர்சுன்.

"இப்பவே என்கிட்ட கொடுத்துட்டாரே?"

துர்சுன் ஒரு கணம் யோசித்தான். "அவ்வளவு மரியாதை அண்ணே உங்க மேல."

சேவல் ரெஃபிக்கின் கட்டைவிரலைக் கொத்தியது.

வியாழக்கிழமை கடைசி அஸ்திரம். அங்காராவில் இருக்கும் முதலாளி ஹாலுக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், ஒரு சங்கடம். ஊர்க்காரங்க என்னை மல்யுத்தத்துக்குக் கூப்பிடறாங்க. கம்பெனி விதிப்படி இதுக்கெல்லாம் அனுமதி கிடையாதுன்னு ஒரு கடிதம் கொடுத்தீங்கன்னா..."

"ரெஃபிக்!" என்று அலறினார் ஹாலுக். ரெஃபிக்குக்கு உயிர் வந்தது. திட்டுகிறார்! தடுக்கப்போகிறார்! "பிரமாதம்யா! நாலு வருஷமா விளம்பரக்காரங்களை வச்சு மண்டையை உடைச்சுக்கறோம், 'மக்களோடு மக்களாக'ன்னு படம் எடுக்க ஒண்ணும் சிக்கலை. நீ தங்கத்தட்டுல வச்சுத் தர்றே!"

"சார், எனக்கு வயசு..."

"வேலைக்கு விண்ணப்பம் போட்டப்ப 'பொழுதுபோக்கு: எண்ணெய் மல்யுத்தம்'னு நீதானே எழுதியிருக்கே? பைலை இப்பதான் எடுத்துப் பார்த்தேன். பக்கத்து நாட்டு டெண்டருக்காக நானும் அந்தப் பக்கம்தான் வர்றேன். போட்டோகிராபரோட ஞாயித்துக்கிழமை அங்க இருப்பேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. அவங்க ஆளை ரொம்ப அடிச்சுடாதே. நட்பு முக்கியம்."

மனைவி நெர்மினிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னார். மறுமுனையில் அவள் கேட்டாள்: "ரெஃபிக், போன லீவுல ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க முடியாம மாடிவீட்டு அம்மாகிட்ட கொடுத்தனுப்பினது யாரு?"

"அது துருப்பிடிச்ச மூடி."

"பிளாஸ்டிக் மூடி. ஏன் இப்படிப் பண்றே? நான் மல்லன் இல்லே, சும்மா பீத்திக்கிட்டேன்னு சொல்லிட்டு வந்துடேன். ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷ வேலைதான். ஆற்றுக்கு நடுவில் தூண் நிறுத்துவது அதைவிடச் சுலபம் என்று ரெஃபிக்குக்குத் தோன்றியது. இருபத்தாறு வருஷத்தில் எந்த நாட்டிலும், எந்தக் கூட்டத்திலும், 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொன்னதில்லை. தெரியாததை எல்லாம் 'பார்த்துக்கலாம்' என்று சொல்லி, அப்புறம் ராத்தூக்கம் கெட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டவர். நாம் இவ்வளவு நாடுகளில் பாலம் கட்டியிருப்பதே அப்படித்தானோ என்னவோ. ஆனால் மல்யுத்தத்தை மூன்று நாளில் படிக்க முடியாது. சனிக்கிழமை சிமெண்ட் மூட்டை ஒன்றைக் கட்டிப்பிடித்துப் பழகினார். மூட்டை ஜெயித்தது.

ஞாயிறு பிற்பகல் அவரைத் தயார் செய்தார்கள். எதிர்ன மல்லர்கள் போடும் தோல் காற்சட்டைக்குத் தார்ப்பாய் வெட்டித் தைத்திருந்தார்கள். ஆலிவ் எண்ணெய் இல்லை. சமையலறை சூரியகாந்தி எண்ணெயைப் பத்து லிட்டர் டின்னோடு கொண்டுவந்து துர்சுன் தலையிலிருந்து ஊற்றினான். அது ஏற்கெனவே ஒரு தடவை உருளைக்கிழங்கு வறுத்த எண்ணெய்.

"ஜொலிக்கிறீங்க அண்ணே."

"வறுவல் வாசனை அடிக்குதுடா."

"எதிராளிக்குப் பசிக்கும். கவனம் சிதறும்."

தளத்துக்குப் பக்கத்து மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. முரசுகள் அதிர்ந்தன. நம் லாரிகள் வரிசையாக நின்றிருந்த நிழலில் பெண்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ரெஃபிக்கின் கண் நேராக எதிராளியைத் தேடியது. கண்ட பிறகு, தேடாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. ஒருவன் இல்லை. இருபது பேர். இடுப்புத் துணியும் கையில் தாயத்துமாக, ஒவ்வொருவனும் பாலத்தூண் கணக்காக நின்றான்.

"ஒருத்தன்னுதானே சொன்னே?"

"ஒவ்வொருத்தனா வருவாங்களா இருக்கும்," என்றான் துர்சுன், ஓரடி பின்னால் நகர்ந்தபடி.

"ஆரம்பிப்பா!" என்று நாற்காலியிலிருந்து கத்தினார் ஹாலுக். போட்டோகிராபர் மண்டியிட்டுக் காமிராவைத் தூக்கினான்.

இனி ஓடவும் வழியில்லை. ரெஃபிக் 'பிஸ்மில்லா' என்றார். மாமா களத்தில் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. மைதானத்தின் நடுவே போய், கைகளை வீசி, தொடையைத் தட்டி, ஒரு காலைத் தூக்கி வைத்து, மறுகாலை மடக்கி மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றினார். சமையல் எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டு, ரொட்டித்தூளில் புரட்டிய மீன் மாதிரி எழுந்தார். எழுந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு கர்ஜனை எழுப்பினார்.

முரசு நின்றது. பாட்டு நின்றது. இருபது மல்லர்களும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள்.

ரெஃபிக்கால் நம்ப முடியவில்லை. பயப்படுகிறார்கள்! நெஞ்சு தானாக நிமிர்ந்தது. இன்னொரு தடவை தொடையைத் தட்டினார். இன்னும் ஓரடி பின்வாங்கினார்கள். ஹாலுக் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணோரம் ஈரம் துளிர்க்க, தான் உண்மையிலேயே மல்லன்தானோ, வாழ்க்கை முழுக்கத் தெரியாமல் இருந்துவிட்டோமோ என்றுகூட ரெஃபிக் ஒரு கணம் நினைத்தார்.

பாக்கரி கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். ரெஃபிக்கை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். மிகவும் தணிந்த குரலில், நீளமாக ஏதோ கேட்டார்.

"சரணடையறாங்க போல," என்று கிசுகிசுத்தான் துர்சுன். "டாக்கர்ல இந்த வார்த்தை எல்லாம் வராது. ஆனா குரலைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

ரெஃபிக் மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். "டாக்கர்ல வராதா?"

அதற்குள் பாக்கரி பெண்கள் பக்கம் பார்த்து ஒருத்தியைக் கூப்பிட்டார். வந்தது செய்னபு. ஊர்ப்பெண், நம் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு வருஷமாக ரொட்டி சுடுகிறவள். சமையல்காரரிடம் திட்டு வாங்கி வாங்கியே துருக்கி மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டவள். அவளிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அவள் தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுத்தமான துருக்கி மொழியில் சொன்னாள்:

"சார், எங்க பசங்க ஞாயித்துக்கிழமை மல்யுத்தம் பண்ற இடத்துல உங்க லாரி நிக்குது, கொஞ்சம் நகர்த்துங்கன்னு இந்த வாரம் பூரா கேட்டுட்டாராம், லாரியை எடுக்கறதுக்கு நீங்க எதுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கறீங்கன்னு கேக்கறார்."