கல்யாண நாளுக்கு ஒரு கேஸு

கல்யாண நாளுக்கு எல்லாரும் பொண்டாட்டிக்கு பொடவை எடுத்துக் குடுப்பாங்க. நான் ஒரு கோர்ட்டு கேஸு குடுக்கலாம்னு பார்த்தேன். ரிப்பன் கட்டி, சாக்லேட்டு வெச்சு.

கேட்டா பெரிய படுபாவி மாதிரி கீது. முழுசா கேட்டுட்டு திட்டுங்க. ரொம்ப டயர்டா கீது, சொல்லி இறக்கி வெச்சாலாவது தேவலாம்.

ராயபுரத்துல எங்களுக்கு ஒரு மீன் கடை. ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வெட்டி, கழுவி வூட்டுக்கே அனுப்புவோம், நண்டு மட்டும் உசுரோட. "எங்களுக்கு"ன்னா எப்டின்னா, விடியறதுக்கு முன்னாடி காசிமேடு போயி, ஏலத்துல நின்னு, செவுளைத் தூக்கிப் பாத்து, ஏலக்காரன்கிட்ட மல்லுக்கட்டி மீனை எடுத்தாறது என் பொண்டாட்டி பெர்சிஸ். போர்டுல "உரிமையாளர்: ஜெயவேல்"னு இருக்கறது நான்.

மாமனார் தேவகிருபை தூத்துக்குடி பக்கத்துலருந்து வந்து இந்தக் கடையை வெச்சவரு. கல்யாணத்தப்போ, "காலேஜை பாதியில வுட்ட மாப்பிள்ளை, கையில ஒண்ணும் இல்ல, பேராவது இருக்கட்டும்"னு கடையை என் பேருக்கு மாத்திட்டாரு. அந்தப் பேரை நான் பத்திரமா காப்பாத்திகினு வந்தேன். பெரும்பாலும் படுத்துகினு.

எனக்கும் வேலை கீது. வெப்சைட். மொத பக்கத்துல கூலிங் கிளாஸ் போட்டு, கையைக் கட்டிகினு என் போட்டோ. கீழ வரிசையா மீன் போட்டோ. எந்த மீனுக்கும் பேரு கெடையாது. அதுக்குக் காரணம் கீது.

மொதமொதல்ல நான் "வஞ்சிரம்"னு தான் அடிச்சேன்.

"அது சீலால்லா," ன்னா பெர்சிஸ்.

"மெட்ராஸ்ல சீலான்னா வேற மீனுமே."

"மெட்ராஸ்ல எல்லாமே வேறதான். எங்க ஊர்ல இதுக்கு சீலான்னுதான் பேரு."

"வாங்கறவன் மெட்ராஸ்காரன்."

"ஏலத்துக்குப் போறது யாரு?"

இந்த ஒரு கேள்வியை அவ கேட்டுட்டா, அடிச்ச பேரை நான் அழிச்சுடுவேன். ஒவ்வொரு மீனுக்கும் இதே பஞ்சாயத்து. மத்திக்கு சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள எனக்கு தாடி வளந்துடுச்சு. கடைசியில பேரே வோணாம்னு தூக்கிட்டேன். வெலையை போட்டோ உள்ளயே எழுதிட்டேன். ஏலத்துல மட்டும் பேரா சொல்றான்? கூடையைக் காட்டுறான், வெலையைக் கத்துறான். கண்ணால பாரு, வாங்கு. வூடு நிம்மதியாச்சு.

அந்த நிம்மதிக்கு ஒரு போன் வந்துச்சு.

"வணக்கம் தம்பி. வேலப்பன் பேசறேன், தண்டையார்பேட்டை. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்குக் கண்ணு தெரியாது. போன் படிச்சுச் சொல்லும், கேட்டுக் கேட்டு ஆர்டர் பண்ணுவேன். உங்க வெப்சைட்டைத் தொறந்தா 'படம், படம், படம், பட்டன்'னு சொல்லுது. படத்தை எப்படிப்பா கொழம்பு வெக்கறது?"

"பட்டனை அமுக்கிப் பாத்தீங்களா சார்?"

"அமுக்கினேன். ஒரு கூடை நண்டு வந்துச்சு. நான் தனியா இருக்கற ஆளு."

"ஓ, அது நீங்கதானா? திருப்பி அனுப்பிருக்கலாமே சார்."

"புடிக்கறதுக்குள்ள பாதி நண்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு."

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

"கடைக்குப் படி வெச்சா பக்கத்துல சாய்தளம் வெக்கணும்ல? அந்த மாதிரி வெப்சைட்டுக்கும் சட்டம் இருக்கு தம்பி. மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம். புகார் குடுக்கலாம், அபராதம் போடுவாங்க. நான் இன்னும் குடுக்கல. சரி பண்ணிடுங்க."

"குடுத்தா... யாரு மேல சார் வரும்?"

"கடை யாரு பேர்ல இருக்கோ, அவங்க மேல."

போர்டை நிமிந்து பாத்தேன். என் பேரு அவ்ளோ பெருசா எழுதிருக்கறது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

நேரா ஆண்ட்ரூகிட்ட ஓடுனேன். என் தோஸ்து. வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா.

"நெஜம்தான் மாமு," ன்னான். "பெரிய பெரிய கம்பெனிக்கே இதுக்கு நோட்டீஸ் போவுது. ஆன்லைன்ல யாவாரம் பண்றவன்லாம் இப்ப பேஜார்ல கீறான்."

"வெப்சைட் பண்ணவன் மேல கேஸைத் திருப்பி வுட முடியாதா?"

"பண்ணது யாரு?"

"நான்தான்."

"அப்ப ரெண்டு கேஸா வாங்கிக்கோ."

"வெளாடாதடா. வழி சொல்லு."

"ஒண்ணும் இல்ல மாமு. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாடியும் அது இன்னான்னு எழுது. எறாக்கு எறா, நண்டுக்கு நண்டு. பட்டனுக்கும் இன்னா பட்டன்னு எழுது. போன் அதைப் படிச்சுச் சொல்லிடும். ஒரு நாள் வேலை."

பேரு எழுதணும். திரும்பவும் சீலா, திரும்பவும் வஞ்சிரம், திரும்பவும் "ஏலத்துக்குப் போறது யாரு". நெனைக்கும்போதே முதுகு வலிச்சுது.

"ஓனரை மாத்திட்டா?"

ஆண்ட்ரூ என்னை மேல கீழ பாத்தான். "டேய், பேரு எழுதறது ஈஸிடா."

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆவல. பேசாத."

கல்யாண நாள் அன்னிக்கு பெர்சிஸ் ஏலத்துலருந்து வந்து, கால் கழுவிகினு இருந்தா. பேப்பரை சுருட்டி, செவப்பு ரிப்பன் கட்டி நீட்டுனேன்.

"என்ன இது?"

"கடை. இனிமே உன் பேர்ல. கஷ்டம் உனக்கு, பேரு எனக்கா? மனசு கேக்கலமே."

"காய்ச்சல் அடிக்கா?"

"லவ்வுமே."

"போன வருசம் லவ்வுக்கு தோசைக்கல்லு வாங்கித் தந்தீங்க. அதுல முறுகலா தின்னது நீங்கதான்."

"இது அந்த லவ்வு இல்ல. பெரிய லவ்வு."

"போலீசு தேடுதா?"

"சேச்சே."

"கோர்ட்டு?"

"இப்ப வரைக்கும் இல்ல."

என் மூஞ்சியை ஒரு தபா பாத்தா. அப்பறம் ஈரக் கையை முந்தானையில தொடச்சுட்டு, பேனாவை அவளே எடுத்தாந்தா. "எங்க கையெழுத்துப் போடணும்?"

ஒரு வரி படிக்கல. பாவம், வெள்ளந்தி. எனக்கே நெஞ்சுல லேசா குத்துச்சு. ஒரு சாக்லேட்டு தின்னேன், சரியாப் போச்சு.

லைசென்ஸு, வாடகைப் பத்திரம், எல்லாத்தையும் ஆண்ட்ரூ அலைஞ்சு மாத்திக் குடுத்தான். கேக்காமயே அலைஞ்சான். அப்பவே எனக்கு டவுட்டு வந்திருக்கணும். பெயிண்டர் வந்து போர்டுல என் பேரை அழிச்சப்போ, ஆப்பரேஷன் பண்ணி கட்டியை எடுத்த மாதிரி ஒரு சொகம். அந்த வாரம் பூரா அப்டி ஒரு தூக்கம்.

ஞாயித்துக்கெழமை சாவகாசமா எழுந்து கடைக்குப் போறேன், என் நாற்காலியில ஒருத்தரு. வெள்ளைக் குச்சியை மடியில வெச்சிகினு, ஒரு மீனோட செவுளை வெரலால தடவிகினு கீறாரு.

"இது நேத்து மீனும்மா."

"உங்கள்ட்ட ஒண்ணும் ஓட்ட முடியாது சார்," ன்னு பெர்சிஸ் வேற மீனை எடுத்துக் குடுத்தா.

கொரலை வெச்சே தெரிஞ்சுது. வேலப்பன். கேஸு நடந்தே வந்துடுச்சு. மூஞ்சியை சோகமா வெச்சிகினேன்.

"சார், ஓனர் இவங்கதான். எனக்கும் கடைக்கும் சம்பந்தமே கெடையாது."

"ஓனரம்மாவை எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. இவங்க அப்பா காலத்துலருந்து இங்கதான் மீனு வாங்கறேன். உங்க வெப்சைட்டை நம்பினதுலதான் நண்டு வந்துச்சு."

நான் பெர்சிஸை பாத்தேன். அவ தராசைத் தொடச்சிகினே பேசுனா.

"சாரு மொதல்ல என்ட்டதான் சொன்னாங்க. ஓனர் அவருதான், அவர்ட்டயே பேசுங்க, சட்டத்தையும் சொல்லுங்கன்னு நான்தான் நம்பர் குடுத்தேன்."

"நீயா?"

"ஒத்தப் பொய் சொல்லச் சொல்லல. சாரு சொன்னதெல்லாம் நெசம். பேரை எழுதுனீங்கன்னா வெப்சைட்டு உருப்படும், எழுத சோம்பப்பட்டீங்கன்னா கடை என் கைக்கு வந்து உருப்படும்னு இருந்தேன். நீங்க கடையையே எழுதிட்டீங்க."

"அப்ப... கேஸு?"

"என்ன கேஸு? நேத்தே சரி பண்ணியாச்சு. நான் பேரு சொன்னேன், ஆண்ட்ரூ அண்ணன் அடிச்சாங்க, சாரு கேட்டுக் கேட்டுத் திருத்துனாங்க. மதியத்துக்குள்ள முடிஞ்சிட்டு."

தோஸ்து. நல்லா இருடா.

மிச்சம் கீற மானத்துக்காக ஒண்ணு கேட்டேன். "சீலாவா, வஞ்சிரமா?"

"ரெண்டும் போட்டாச்சு. யாரு எதைத் தேடுனாலும் கெடைக்கும்லா."

ரெண்டும் போடலாம். கல்யாணம் ஆனதுலருந்து சண்டை போட்டுகினு கீறோம், எனக்கு இது தோணவே இல்ல.

"அப்ப எனக்கு இன்னா வேலை?"

"இந்தக் கடையில ஓனர்னா காலையில தூங்கணும். அது நீங்க உண்டாக்குன பழக்கம், மாத்தக் கூடாது. நாளையிலருந்து ஏலத்துக்கு நீங்க போங்க."

கை காலெல்லாம் இப்பவே கடுக்க ஆரம்பிச்சுது. கடைசியா ஒண்ணைப் புடிச்சிகினேன். "மொத பக்கத்துல என் போட்டோவாவது கீதா?"

"அதை எடுப்பேனா? இருக்கு. சார், அதைத் தட்டுங்க."

வேலப்பன் சார் போனைத் தட்டுனாரு. சொரணையே இல்லாத கொரல்ல அது படிச்சுது: "படம். கடை ஊழியர் ஜெயவேல். காலை நேரத்தில் ஏலத்தில் இருப்பார்."

அவரு திருப்தியா தலையாட்டுனாரு. "இப்பதான் தம்பி தெளிவா தெரியுது."