வரிக்குப் பயந்து வீட்டைப் பழித்த கதை

சொந்த வீடு வைத்திருப்பவனுக்கு இரண்டு நாக்கு தேவை. சொந்தக்காரர்களிடம் வீட்டைப் பற்றிப் பெருமை பேச ஒன்று, நகராட்சியிடம் அதே வீட்டைப் பற்றிப் புலம்ப இன்னொன்று. ஆண்டவன் புண்ணியத்தில் எனக்கு இரண்டுமே உண்டு. எதை யாரிடம் நீட்டுவது என்பதில்தான் சிறு குழப்பமாகிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் எங்கள் வீடு. அத்தா, அதாவது என் அப்பா, ஜவுளிக்கடை வைத்து உழைத்துக் கட்டியது. மாடியை மட்டும் நான் கட்டினேன். (அதாவது, அத்தா பணம் கொடுத்தார், நான் கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.) மாடி எழும்பிய விஷயம் தெருவுக்கே தெரியும், நகராட்சிக்கு மட்டும் தெரியாது. அந்த நேரம் பார்த்து, வீடுகளை மறுபடி அளந்து சொத்து வரியைத் திருத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

சொத்து வரி பற்றிய என் அறிவெல்லாம் டீக்கடையில் பெற்றது. பரப்பளவு, தெரு, கட்டடத்தின் வயது, குடியிருக்கிறோமா வாடகைக்கு விட்டிருக்கிறோமா என்பதையெல்லாம் பார்த்து அரையாண்டு வரி போடுவார்கள் என்றார்கள். அது சரிதான். அளக்க வரும் ஆளிடம் வீட்டை மட்டமாகப் பேசினால் வரி குறையும் என்றும் அங்கேதான் சொன்னார்கள். முதலாவதை மறந்துவிட்டு இரண்டாவதை மனப்பாடம் செய்தேன்.

அப்போது என் தங்கை பர்வீனுக்கு ராஜபாளையத்தில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை காலை எல்லோரும் வெளியே போயிருந்தார்கள், நான் மட்டும் வீட்டில். வாசலில் ஒருவர் வந்து நின்றார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் தோல் பை. நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார்.

"வீட்டைப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க தம்பி," என்றார்.

யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டிய இடம் அது. நான் புத்திசாலி என்பதால் கேட்கவில்லை.

"பார்க்க என்ன சார் இருக்கு. வெளியதான் பெயிண்டு. உள்ள அம்புட்டும் உளுத்துப் போச்சு."

"மேல ரூம் இருக்கும் போலயே?"

"அதை ரூம்னு சொன்னா ரூமுக்கு அவமானம் சார். மழை பேஞ்சா ஒரே ஒழுக்கு. கோழியை அடைச்சுப் பார்த்தோம், கோழியே நிக்கல." (எங்கள் வீட்டில் கோழி கிடையாது.)

"கட்டி எம்புட்டு வருஷம் இருக்கும்?"

"எங்க தாத்தாவோட தாத்தா கட்டினது," என்றேன். காலடியில் கிரானைட் தரை முகம் பார்க்கிற அளவுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"வியாபாரமெல்லாம் எப்படிப் போகுது?"

வீட்டு வரிக்கு வந்தவர் வியாபாரத்தை ஏன் விசாரிக்கிறார் என்று ஒரு சாதாரண மனிதன் யோசித்திருப்பான். "இன்னைக்கோ நாளைக்கோ கடையை மூடிருவோம் சார்," என்றேன்.

அவர் என்னைச் செத்த நேரம் உற்றுப் பார்த்தார். "சரி தம்பி, போய்ச் சொல்லிருதேன்."

"நல்லா அழுத்திச் சொல்லுங்க சார்," என்று தெருமுனை வரை போய் வழியனுப்பினேன்.

மாலையில் அத்தாவுக்கு ராஜபாளையத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"ஏலே, மாப்பிள்ளையோட மாமு காலையில நம்ம வீட்டைப் பார்க்க வந்தாகளாம். பெரிய கட்டட கான்ட்ராக்டரு. வீட்டுல ஒரு குறையும் இல்லையாம். பொண்ணோட அண்ணனுக்குத்தான் மண்டை சரியில்லையோன்னு சந்தேகப்படுதாக."

பர்வீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் போட்டோ அவளுக்குப் பிடித்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அத்தா கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தார்கள். அத்தா என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருந்தார். செய்த பாவத்தைக் கழுவ வேண்டுமே என்று நான் மாமுவை மாடிக்கே இழுத்துக்கொண்டு போனேன். தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தேன்.

"பாருங்க மாமு, மாடி கட்டி மூணு வருஷம்கூட ஆகல. ரெண்டு பெரிய ரூமு, ரெண்டுக்கும் பாத்ரூமு. நாளைக்கே வாடகைக்கு விடலாம். கீழ முன்ரூமு நம்ம கடைக்குக் குடோனு."

கீழே வாசலிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "சார், குடோனு எந்த ரூம்னு சொன்னீங்க?"

எட்டிப் பார்த்தேன். கையில் அளவு டேப்போடு ஓர் அம்மா நின்றார்.

"நகராட்சியில இருந்து வாரோம், சொத்து வரிக்கு. செத்த மெதுவாச் சொன்னீங்கன்னா எழுதிக்கிடுவேன்."

மாமு அந்த அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. மாடியிலிருந்து குனிந்து, கீழே இருந்த தன் வீட்டாரிடம் நிம்மதியாக அறிவித்தார்.

"பையனுக்கு மண்டையில கோளாறு ஒண்ணுமில்ல. வரிக்குப் பயந்துதான் அப்படிப் பேசியிருக்காரு. சம்பந்தத்தைப் பேசுவோம்."

அடுக்களையிலிருந்து முதலில் சிரித்தது பர்வீன்தான். கீழே நிக்காஹுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். மேலே நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தேன். பிறகு மாடிக்கு வந்த அரையாண்டு வரி, அன்றைய பிரியாணிக்கு வாங்கிய கறிச் செலவைவிடக் குறைவு. நான் மானத்தை விற்றுக் காப்பாற்றப் பார்த்தது அவ்வளவுதான்.

போன வருஷம் பர்வீனும் மாப்பிள்ளையும் ராஜபாளையத்தில் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். மாப்பிள்ளை போனில் முறையாகத்தான் அழைத்தார். "மச்சான், ஒரு வாரம் முன்னாடியே வந்து எல்லாத்தையும் நின்னு பார்த்துக்கோங்க."

பக்கத்திலிருந்து என் தங்கையின் குரல் தெளிவாகக் கேட்டது. "நகராட்சிக்காரங்க அளந்துட்டுப் போன பொறவு அண்ணன் வரட்டும்."