எல்லோருக்கும் சொன்ன ஸலாம்

படிக்காத குடும்பத்திலிருந்து முதலில் படிக்கப் போகும் பிள்ளைக்கு அறிவு வருவதற்கு முன்பே பெருமை வந்துவிடும். எனக்கு நிறையவே வந்திருந்தது. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான்தான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். (ஒருவரும் கேட்கவில்லை.)

இப்போது அதே பல்கலைக்கழகத்தில், இணையவழிக் கற்றல் தளத்தைப் பயன்படுத்தும் விதத்தைப் புதிய மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. எல்.எம்.எஸ். என்போம். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். ஒப்படை (அசைன்மென்ட்) போடும் இடம் வேறு, கதைக்கும் இடம் வேறு. "மிஸ், இதெல்லாம் எந்தப் புத்தகத்தில இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லை. எல்லாம் ஒரே பின்னேரத்தில் நானே கண்டுபிடித்தவை.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் இருக்கும். எல்.எம்.எஸ். அப்போதுதான் வந்திருந்தது. முதலாவது ஒப்படையை அதில்தான் போட வேண்டும், வியாழன் நாலு மணிக்குத் தளம் மூடிவிடும் என்றார் புவியியல் சேர். தலைப்பு கடலரிப்பு. அது எனக்கு வீட்டு விஷயம். சுனாமிக்குப் பிறகு வாப்பாவுக்குக் கிடைத்த தோணியை அவர் வருடா வருடம் மேலே மேலே இழுத்துக் கட்டியதையும், முதலில் கட்டிய தென்னை இப்போது கடலுக்குள் நிற்பதையும் எழுதி, மச்சானின் போனில் எடுத்த படங்களைத் தாராளமாகச் சேர்த்திருந்தேன்.

ஒப்படை தவறினால் பாடம் தவறும். பாடம் தவறினால் என்ன நடக்கும் என்பதை வாப்பா முன்பே சொல்லியிருந்தார். "ஒரு பாடம் பெயிலானாலும் போதும் மகள். படிச்ச வரைக்கும் அல்ஹம்துலில்லாஹ். மாப்பிள்ளயப் பேசி முடிச்சிருவம்." மாப்பிள்ளையும் பார்த்து வைக்கப்பட்டிருந்தார். (நல்ல மனிதர். இன்று நாலு பிள்ளைகளின் தகப்பன். தாய் நானில்லை.)

வீட்டில் கணினி இல்லை. கல்முனை பசாரில் ரிஸ்வான் காக்காவின் நெட் கபேக்குத்தான் போக வேண்டும். பலகையால் மறைத்த கூடுகள் உள்ள இடத்துக்குப் பொம்பிளைப் பிள்ளை தனியே போகலாமா? உம்மாவும் வந்தார். எழுத வாசிக்கத் தெரியாத உம்மா பக்கத்துக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்த பார்வையில், எந்தப் பரீட்சை மேற்பார்வையாளரும் தோற்றுப்போவார்.

"இதுக்குள்ளயா மகள் சேர் இரிக்கார்?"

"சேர் இல்ல உம்மா. இதுல வெச்சிட்டா அவர் வந்து எடுப்பார்."

"அப்ப அவர்ட ஊட்டு வாசல் மாதிரித்தானே?"

"ஓம்."

"பொறகு ஸலாம் சொல்லாம வெச்சிட்டுப் போப்போறியா? கம்பஸ்ல இதையா படிச்ச?"

நியாயமான கேள்வி. ஒப்படை போடும் பொத்தானுக்குப் பக்கத்தில் ஸலாம் எழுத இடமில்லை. தேடினேன். 'கலந்துரையாடல்' என்ற பக்கத்தில் பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. கடிதம் எழுதலாம், கீழே கோப்பும் இணைக்கலாம். இவ்வளவு மரியாதையான இடம் இருக்க, அந்த மொட்டைப் பொத்தான் எதற்கு? "அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நானும் உம்மாவும் சுகம். ஒப்படையை இணைத்திருக்கிறேன். துஆச் செய்யுங்கள்." பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினேன்.

அங்கே எழுதினால் முதலாம் வருடத்தில் உள்ள எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொன்னார்கள். அந்த வகுப்பில் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.)

ஸலாம் சொல்வது நல்ல பழக்கம். பதில் சொல்வதோ கடமை. கூட்டத்தில் ஒருவர் பதில் சொன்னால் போதும் என்பார்கள்தான். ஆனால் எங்கள் கூட்டம் ஆளுக்கொரு கணினியின் முன்னால் இருந்தது. ஒவ்வொருவரும் அந்த ஒருவர் தான்தான் என்று நினைத்துவிட்டார்கள். முதல் 'வஅலைக்கும் ஸலாம்' அக்கரைப்பற்றிலிருந்து வந்தது. அது என் படங்களையும் சுமந்துகொண்டு எல்லோருக்கும் போனது. அதைக் கண்டு நிந்தவூர் விழித்தது. பிறகு சம்மாந்துறை, பொத்துவில், மூதூர்...

"என்ன மகள், மேல மேல வருது?"

"ஸலாத்துக்குப் பதில் சொல்றாங்க உம்மா."

"ஆரு?"

"எல்லாரும்."

உம்மாவின் முகம் பூத்துவிட்டது. "மாஷா அல்லாஹ்! கம்பஸ் புள்ளைகள் கெட்டுப்போச்சுதுகள் எண்டு இனி ஆரும் சொல்லட்டும், நான் கதைக்கன்."

கல்முனை யமுனா, "வணக்கம். நாங்களும் சுகம். அம்மா கேட்டதாக உங்கள் உம்மாவிடம் சொல்லவும்" என்று எழுதியிருந்தாள். குருநாகலிலிருந்து வந்த சாமர சிங்கள எழுத்தில் ஸலாம் எழுதி உம்மாவின் சுகம் கேட்டிருந்தான். கொஞ்சக் காலம் முன்பு என்றால் எங்களைச் சோதனைச் சாவடியின் இரண்டு பக்கங்களில்தான் சந்திக்கவைத்திருக்கும் நாடு இது. அன்று அதை வியக்க எனக்கு நேரமில்லை. திரை உறைந்து நின்றது. என் சின்னப் போனில் யமுனாவின் அழைப்பு வந்தது.

"அடியே, சேவர் படுத்திட்டு! ஒருத்தருக்கும் ஒப்படை போட ஏலாமக் கிடக்கு. என்னடி செஞ்ச?"

"ஸலாம் சொன்னன்."

"உன்ட ஒப்படை?"

"அதோடயே சேத்துட்டன்."

"அது கதைக்கிற இடம்டி! அங்க போட்டா போட்ட கணக்கில்ல!"

ரிஸ்வான் காக்கா வந்து எல்லா வயரையும் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். நாலு மணி தாண்டிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டு வந்தேன். உம்மாவோ பஸ் முழுவதற்கும் கம்பஸ் பிள்ளைகளின் ஒழுக்கத்தை விளக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் அறிவித்தல் பலகையில் சேரின் கையெழுத்து. ஏச்சு என்று நினைத்துத்தான் கிட்டப் போனேன். "வஅலைக்கும் ஸலாம். உம்மாவின் சுகமறிந்து மகிழ்ச்சி. தளம் இயங்காததால் ஒப்படைக்கு இன்னும் ஒரு கிழமை, அடுத்த வியாழன்வரை, தரப்படுகிறது. இனிமேல் ஸலாத்துக்கான பதிலை வாயால் சொல்லவும்." ஒப்படையைத் தொடங்கியே இராத பாதி வகுப்பு என்னை மணப்பெண்ணைப் போலச் சூழ்ந்துகொண்டது.

படங்களைச் சுருக்கி, சரியான பொத்தானில், ஸலாமில்லாமல் போட்டேன். கதை அதோடு முடியவில்லை. என் ஒப்படை எல்லோருடைய மின்னஞ்சலிலும் கிடந்ததே! திருத்தி முடித்து வகுப்புக்கு வந்த சேர் கேட்டார்: "சாய்ந்தமருதில ஒரு வாப்பா இருக்கார். தோணி வெச்சிருக்கார். அவருக்கு இந்த வகுப்பில எத்தனை பிள்ளைகள்?"

பல தலைகள் குனிந்தன. கடலே இல்லாத குருநாகலில் சாமரவின் அப்பாவும் தோணியை இழுத்துத் தென்னையில் கட்டியிருந்தார். அசல் எது என்று சேருக்குச் சந்தேகமே வரவில்லை. ஸலாத்தோடு முதலில் வந்தது அதுதானே. நான் தேறினேன், நல்ல புள்ளியோடு.

வாப்பாவிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தார். "என்ட தோணியப் பத்தி அத்தனை புள்ளைகள் எழுதியிரிக்கிதா?" வலையைத் திரும்பவும் கையில் எடுத்தார். "அப்ப ஒன்ன நிப்பாட்டினா அதுகளுக்கு ஆரு சொல்லிக் குடுக்கிற?" மாப்பிள்ளைப் பேச்சு அன்றோடு நின்றது.

இன்றும் போனைப் பார்த்துக்கொண்டே நான் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் உம்மா விடமாட்டார். "கம்பியூட்டருக்குச் சொன்ன ஸலாத்த எங்களுக்கும் கொஞ்சம் சொல்லன்." சொல்வேன். உடனே அடுப்படியிலிருந்து ஒரு பதில், அறைக்குள்ளிருந்து ஒன்று, வேலிக்கு அப்பால் மாமி வீட்டிலிருந்தும் ஒன்று, வேண்டுமென்றே ஒவ்வொன்றாக வரும். கடைசியில் வாப்பா கேட்பார்:

"என்ட கம்பஸ் புள்ளைகளெல்லாம் சுகமா மகள்?"

"ஓம் வாப்பா. இந்த வருசமும் கொஞ்சம் கூடியிரிக்கி."