பட்டுக் காலுறை போட்ட புட்டி

இந்த முறை ஹேசலை ஏமாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி நாற்பது வருஷம் நிறைகிற நாளில் ஒரு புருஷன் வேறு என்னதான் செய்ய முடியும்?

எல்லாம் ஒரு புட்டிக்காகத்தான். இங்கிலாந்தில், சசெக்ஸில் எங்கள் ஊர்க் குன்றின்மேல் இருக்கிற திராட்சைத் தோட்டத்தில் நான் கொடிகளைக் கவாத்து வெட்டுகிறவன். ஒரு வசந்தத்தில் உறைபனி இறங்கித் தோட்டத்தையே கருக்கிப்போட்டது. நான் வெட்டிய மேட்டு வரிசைகள் மட்டும் பிழைத்தன. அந்தப் பழத்தில் செய்த நுரை ஒயின். முதலாளி என் கையில் ஒரே ஒரு புட்டி கொடுத்தார். கொட்டகையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் வைத்து அதைப் பிள்ளை மாதிரி காத்து வந்தேன்.

ஹேசல் நுரை ஒயினை எப்படிக் குடிப்பாள் தெரியுமா? கருந்திராட்சை சர்பத்தை மேலே ஊற்றி! உறைபனிக்குத் தப்பியது சர்பத்தில் முங்கிச் சாவதா?

எங்கள் பக்கத்தில் ஒரு விளையாட்டு உண்டு. புட்டிக்குக் காலுறை மாட்டிப் பெயரை மறைத்து, ருசியை வைத்தே எது என்ன என்று சொல்ல வேண்டும். கடையில் மட்டமான நுரை ஒயின் ஒன்று வாங்கினேன். குடித்தால் காதுவரை புளிக்கும். இரண்டு புட்டிக்கும் கழுத்தில் சுற்றியிருந்த பளபளத் தாளை உரித்தேன். மட்டத்துக்குச் சேற்று பூட்ஸுக்குள் போடுகிற முரட்டுக் கம்பளிக் காலுறை. என் செல்லத்துக்குச் சாவு வீட்டுக்குப் போட்டுப்போகிற கறுப்புப் பட்டுக் காலுறை. குளிர்பெட்டியில் வைத்துவிட்டு முகம் மழிக்கப் போனேன்.

சாயங்காலம் அவள் தங்கை டாஃப்னியும் வந்தாள்.

"முதல் சுத்துல உங்க ரெண்டு பேருக்கும் கம்பளி. எனக்குப் பட்டு. அடுத்த சுத்துல மாத்திக்கலாம்" என்றேன். அடுத்த சுற்று வராது. ஒரு கோப்பைக்கே அக்கா தங்கை இருவரும் சோபாவில் சாய்ந்துவிடுவார்கள்.

"அத்தானுக்கு மட்டும் என்ன தனிப் புட்டி?" என்றாள் டாஃப்னி.

"ஆம்பளை நாக்குடி. அதுக்குப் பயிற்சி வேணும்."

"ஆமா, பேசிப் பேசிப் பயிற்சி எடுத்த நாக்கு" என்றாள் ஹேசல்.

நான் கண்ணை மூடி உறிஞ்சினேன். "ஆகா! பச்சை ஆப்பிள். வெண்ணெய் தடவின ரொட்டி. அடியில பாரு, எங்க குன்றோட சுண்ணாம்பு!"

"எங்களதுல?"

"உங்களதா? வாசனையே சொல்லுதே. பாத்திரம் கழுவுன தண்ணி."

இருவரும் மெதுவாக, மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். சாயவில்லை. திரும்ப ஊற்றிக்கொண்டார்கள். அதிசயம், ஹேசல் சர்பத்தைத் தொடவேயில்லை. புட்டி காலியானதும் அவளே கம்பளியை உருவினாள்.

உள்ளே என் குன்று. என் உறைபனி. என் செல்லம்.

"நீ... காலுறைய மாத்தினியா?"

"ஏங்க, நாப்பது வருஷமா உங்க காலுறைய அலசுறவ நான். நல்லத நீங்க யாருக்குப் போடுவீங்கன்னு தெரியாதா? எனக்குன்னா முரட்டுக் கம்பளிதான்."

டாஃப்னி சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு ருசி தெரியாதேன்னுதான்டி... நீ சர்பத் ஊத்திக் குடிக்கிறவ" என்றேன்.

"இத்தனை வருஷம் நீங்க எனக்கு ஊத்துனது எது? கடையிலேயே மட்டமானது. சர்பத் இல்லாம அது தொண்டையில இறங்குமா?" என்றாள். கோப்பையின் அடியில் இருந்த கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டாள். "நல்லாத்தாங்க கவாத்து வெட்டியிருக்கீங்க. கட்டினவளுக்குக் காட்ட இத்தனை வருஷமா?"

அவள் எழுந்து சர்பத் புட்டியை என் பக்கம் தள்ளி வைத்தாள். அக்காவும் தங்கையும் காற்று வாங்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

என் கோப்பையில் பாதி மிச்சம் இருந்தது. இன்னொரு தடவை உறிஞ்சிப் பார்த்தேன். ஆப்பிளும் இல்லை, ரொட்டியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. காதுவரை புளித்தது.

சர்பத் ஊற்றினேன். கொஞ்சம் தேவலை.